சம்மதக் கையெழுத்து

போன கிழமை நாங்கள் சயந்தினியைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தோம். அவளுடைய கையில் கைபேசி இருந்தது. வாயில் பொய் இருந்தது.

"ஓம்... ஓமப்பா... சாப்பிட்டனீங்களோ? சரி, பிள்ளையிட்டைச் சொல்லுறன்."

மறுமுனையில் ஒருவரும் இல்லை. தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வீட்டு யோகம்மா வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வெளிநாட்டிலிருந்து புருசன் கதைக்கும்போது அருகில் நின்று காது கொடுப்பது மடத்துவெளி ஊரில் மரியாதை இல்லை. தள்ளி நின்று காது கொடுக்கலாம்.

புருசன் வாகீசன் பிரான்சுக்குப் போன புதிதில் உண்மையாகவே அழைப்பு எடுத்தான். பிறகு கிழமைக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு என்று குறைந்து, ஒன்பது வருடத்துக்கு முன்னர் அடியோடு நின்றுபோனது. அது ஊருக்குத் தெரியக்கூடாது என்று சயந்தினி நினைத்தாள். மகள் கோபிகாவுக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தாள். அன்றிலிருந்து தையல் மெசினில் அவள் உழைத்தது 'அப்பா அனுப்பினது' ஆயிற்று. கிணற்றடியில் அவள் தனியே கதைத்தது 'அப்பா எடுத்தவர்' ஆயிற்று.

நீங்கள் இவளைத் திட்டலாம். எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிணற்றால்தான் இப்போது வினை வந்திருக்கிறது. புங்குடுதீவில் தோண்டும் இடமெல்லாம் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சயந்தினிக்குச் சீதனமாக வந்த தெருவோரக் காணியில் நல்ல தண்ணீர் ஊறும். நண்டுச் சதையைப் பிரித்துத் தகரப் பேணியில் அடைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கொழும்புக் கொம்பனி, வடக்கின் பின்தங்கிய இடங்களுக்குத் தொழில் கொண்டுவருகிறோம் என்று வந்து இறங்கியது. குறிகட்டுவான் கடலில் நண்டு இருக்கிறது, ஊரில் வேலையில்லாத பெண்கள் இருக்கிறார்கள், தண்ணீர்தான் வேண்டும் என்றார்கள். வந்தவர்கள் தீவைச் சுற்றி அலையவில்லை. வாகனத்தை நேரே சயந்தினியின் வேலிப் படலையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இத்தனை காணி இருக்க என்னுடைய படலை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இருபத்தைந்து வருடக் குத்தகை என்று பேச்சு முடிந்தது. ஊர்ப் பெண்களுக்கு ஆலையில் வேலை, கோபிகாவுக்கு மேற்பார்வையாளர் பதவி. எல்லாம் சரிவந்த நேரத்தில் ஒரு முட்டுக்கட்டை. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி, சீதனக் காணி பெண்ணுடையதாகவே இருந்தாலும், புருசன் சம்மதக் கையெழுத்து வைக்காமல் அவள் அதை ஒருவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது.

"தம்பியிட்டைக் கேட்டுச் சொல்லும்" என்றார் குலசிங்கம். அவர் வாகீசனின் தமையன், ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர், கொம்பனிக்கு ஊரில் வலது கை.

"ஓம் அண்ணை, கேக்கிறன்" என்றாள். கேட்பதற்கு அவளிடம் ஓர் இலக்கம்கூட இல்லை. அதனால்தான் அந்தக் கிணற்றடி நாடகம். அவருக்கு லீவு இல்லையாம், கையெழுத்து வைத்து அனுப்பச் சுணங்குமாம் என்று யோகம்மா மூலமாக ஊரை நம்பவைத்துவிட்டால் கொஞ்சக் காலம் தள்ளலாம்.

நேற்றுப் பின்னேரம் குலசிங்கம் மறுபடி வந்தார். வழக்கமாகக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, "தம்பி எடுத்தவனோ?" என்று கேட்பவர், நேற்று வேலியடியைத் தாண்டவில்லை.

"நாளைக்கு வேலணைக்கு வாரும். நொத்தாரிசு குத்தகை உறுதியை எழுதி முடிச்சிட்டார். அவன்ர கையெழுத்துப் பிரச்சினையும் தீந்துது."

"தீந்துதோ? எப்பிடி அண்ணை?"

"தீந்துது எண்டால் தீந்துது. அடையாள அட்டையை மறவாமல் எடுத்துக்கொண்டு வாரும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

*

தீர்ந்துவிட்டது என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் சயந்தினிக்குத் தெரிந்தது. வாகீசன் கையெழுத்து வைத்துவிட்டான்.

தமையன் எப்படியோ அவனைத் தேடிப் பிடித்திருக்கிறார். அவன் அவளுடைய பெயரைக் கேட்டிருக்கிறான். மறுக்காமல் பேனையை எடுத்திருக்கிறான். 'வா'வை வட்டமாகச் சுழித்து, கடைசி எழுத்தின் காலை நீட்டி இழுத்து வைக்கும் அவனுடைய கையெழுத்தை அவள் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்காட்டுவாள். பக்கத்தில் அவளுடைய பெயரும் எழுதியிருக்கும். புருசன் என்று அவனையும், மனைவி என்று அவளையும் சொல்லும் ஒரு வசனத்தின் கீழே அவன் கையெழுத்து வைத்திருக்கிறான்.

இத்தனை வருடம் குரல் காட்டாதவன் ஒரு கையெழுத்துப் போட்டான் என்பதற்காக ஒருத்தி இப்படிச் சந்தோசப்படுவாளா? பட்டாள். விடியவே எழும்பித் தலைக்குத் தோய்ந்தாள். அலுமாரியில் அடியில் கிடந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்தாள். தாலிக்கொடியைச் சேலைக்கு வெளியே தெரிய விட்டாள். குங்குமத்தை வழமையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

"என்னம்மா, நொத்தாரிசு வீட்டுக்கோ, கலியாண வீட்டுக்கோ?" என்று கோபிகா சிரித்தாள்.

"வாயைக் காட்டாமல் வெளிக்கிடு."

கோபிகா கொம்பனி கொடுத்த நீல ரீசேட்டைப் போட்டிருந்தாள். கழுத்தில் 'அப்பா அனுப்பின சங்கிலி'. அவள் பெரியபிள்ளையான வருடம் வந்தது. அந்தச் சடங்குக்கு முதல் கிழமைதான் சயந்தினி தன்னுடைய இரண்டு தங்கக் காப்புகளையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் உருக்கக் கொடுத்தாள். தபாலில் வந்தது என்று சொல்லி மகளின் கழுத்தில் போட்டாள். முதல் பொய் அதுதான். கோபிகா குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை.

"அப்பா சம்மதமெண்டதும் எனக்குப் பயம் போயிட்டுது" என்றாள் கோபிகா. "இல்லாட்டில் ஆலையும் இல்லை, வேலையும் இல்லை. நேற்று எடுத்தவரோ?"

"ஓம். நீ நித்திரை."

*

கொம்பனியின் வான் வண்டி வந்தது. உள்ளே குலசிங்கமும், கொம்பனி அலுவலர் நிரோஜனும் இருந்தார்கள். நிரோஜன் யாழ்ப்பாணத்துப் பெடியன், கொழும்பில் படித்தவன், கெட்டவன் இல்லை. தான் சொல்வதை அவனே முழுதாக நம்பினான்.

"அரசாங்கம் றோட்டுப் போடும், லைற் குடுக்கும் அக்கா. மாசம் முடிய சம்பளம் ஆர் குடுக்கிறது? எங்களைப் போல ஆக்கள்தான். இப்பிடி ஒவ்வொரு தீவிலையும் ஒரு ஆலை வந்தால் இஞ்சத்தைப் பெட்டையள் ஏன் மத்திய கிழக்குக்குப் போகவேணும்?"

வான் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கலங்கிய கடல், வெயில், மீன்பிடிக் கூட்டுத் தடிகள்.

"கிணத்தடி எப்பிடியாகும் தம்பி?" என்று கேட்டாள் சயந்தினி.

"சுத்திவர மதில் கட்டுவம். சனத்துக்கு வெளியாலை ஒரு பைப் வைப்பம்."

"எந்த நேரமும் தண்ணி வருமோ?"

"ஆலைக்கு எடுத்து மிஞ்சிறது வரும் அக்கா" என்றான் அவன் இலகுவாக.

வேறொரு நாளென்றால் அந்த 'மிஞ்சிறது' அவளைக் குத்தியிருக்கும். இன்று அவளுடைய மனம் முழுதும் ஒரு கையெழுத்தில் இருந்தது. முன் கதிரையில் இருந்த குலசிங்கத்தின் பிடரியைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணை, அவர் எப்ப அனுப்பினவர்?"

குலசிங்கம் திரும்பவில்லை. "அங்கை போய்க் கதைப்பம் பிள்ளை" என்றார்.

*

நொத்தாரிசு ஐயாத்துரையின் அலுவலகம் வேலணையில், தெருவோரத்தில் ஒரு பழைய கல்வீட்டின் முன்னறை. வாசலிலேயே நிரோஜனுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வர, அவன் கைபேசியோடு வெளியே நின்றுகொண்டான். மற்ற மூவரும் உள்ளே போனார்கள்.

எழுதிய உறுதிப் பத்திரத்தை வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதில் ஐயாத்துரை கண்டிப்பானவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோயிலில் புராணம் படிப்பவர்போல இராகமாகத் தொடங்கினார்.

"'புங்குடுதீவு மடத்துவெளியில் வசிக்கும் இளையதம்பி மகள் சயந்தினி ஆகிய நான்...'"

சயந்தினி நிமிர்ந்தாள்.

"ஐயா, ஒரு பிழை கிடக்கு."

"என்ன பிழை பிள்ளை?"

"அப்பான்ர பேரிலை எழுதியிருக்கிறியள். அது கலியாணத்துக்கு முதல் எழுதிறது. இப்ப 'வாகீசன் மனைவி சயந்தினி' எண்டெல்லோ வரவேணும்?"

படித்த மனுசரைத் திருத்துகிறோமே என்ற கூச்சத்தோடு சிரித்தபடிதான் சொன்னாள்.

ஐயாத்துரை கண்ணாடியைக் கழற்றினார். குலசிங்கத்தைப் பார்த்தார்.

"நீர் சொல்லேல்லையோ?"

குலசிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வாய் வரேல்லை ஐயா. நீங்களே சொல்லுங்கோ."

"இதென்ன வேலை காணும்!" என்று ஐயாத்துரை கடிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, சயந்தினியின் பக்கம் திரும்பினார். "பிழை இல்லை பிள்ளை. யோசிச்சுத்தான் எழுதினனான். பிரான்சிலை கோட்டாலை உங்கட கலியாணத்தைப் பிரிச்சு ஏழு வருசமாகுது. அந்தத் தீர்ப்பைக் கொம்பனியின்ர லோயர்மார் எடுப்பிச்சுப் பாத்திட்டினம். நீங்கள் இப்ப ஆற்றையும் மனைவி இல்லை. காணி முழுக்க உங்கட சொந்தம். ஒருத்தற்றை சம்மதமும் தேவையில்லை."

வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சயந்தினி அது போய் முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"என்னை ஒரு கோட்டும் கூப்பிடேல்லையே ஐயா?"

"உங்கட விலாசம் தெரியாதெண்டு அவர் அங்கை சத்தியம் பண்ணியிருக்கிறார். தேடியும் ஆளைக் காணேல்லை எண்டு."

காணேல்லை. மாப்பிள்ளையாய் வந்து இறங்கிய வீடு. அவனே பச்சை மை பூசிய படலை. போகும் அன்று விடியக் குளித்து, "இந்தத் தண்ணி அங்கை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போன கிணற்றடி. அதே இடத்தில்தான் அவள் இத்தனை வருடமும் இருந்தாள். காணாமற்போனவள் அவள்தானாம்.

அவள் குலசிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணைக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும் பிள்ளை."

"அப்ப, வந்து வந்து 'தம்பி எடுத்தவனோ' எண்டு கேட்டனீங்கள்?"

"நீர் 'ஓம்' எண்டு சொன்னனீர். நான் என்ன செய்ய?" குலசிங்கத்தின் குரல் உடைந்தது. "கேக்காமல் விட்டால் எனக்குத் தெரியுமெண்டு நீர் விளங்கியிடுவீர். அதாலை கேட்டுக்கொண்டிருந்தனான்."

அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவள் சொன்ன பொய்யைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, இந்த மனுசன் ஏழு வருடம் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். அது இரக்கமா, கோழைத்தனமா என்று சயந்தினிக்குப் பிரித்தறிய முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

கோபிகா இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"அம்மா."

சயந்தினி மகளைப் பார்க்கவில்லை.

"அம்மா, அப்பா நேற்று எடுத்தவர் எண்டு சொன்னனீங்கள்."

கோபிகாவின் கை மெல்லக் கழுத்துக்குப் போனது.

"அப்ப இந்தச் சங்கிலி?"

சயந்தினி தன்னுடைய காப்பில்லாத வெறும் மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மூடியதுதான் பதிலாயிற்று. கோபிகா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு வேண்டாமெண்டால் விடுங்கோ பிள்ளை" என்றார் ஐயாத்துரை. "ஆறுதலா யோசிச்சு வாருங்கோ."

யோசிக்கலாம். யோசித்தால் கையெழுத்து வைக்காமல் எழும்பிப் போகலாம். போய்? தையல் மெசினும், ஊர்க் கேள்வியும், வேலை கிடைக்காத மகளும் மிஞ்சும். இன்று கோபிகாவிடமிருந்து தகப்பனை ஒருமுறை பறித்தாயிற்று. வேலையையும் தன் கையாலேயே பறிக்கச் சயந்தினிக்குத் துணிவு இல்லை.

"மிச்சத்தையும் வாசியுங்கோ ஐயா" என்றாள்.

கிணறும், கிணற்றில் நீர் அள்ளும் உரிமையும், வழி வாய்க்காலும் என்று ஐயாத்துரை வாசித்து முடித்தார். இப்போது அந்தக் குரலில் இராகம் இல்லை. பேனையை நீட்டினார். அவள் பழக்கத்தில் 'வா' என்று தொடங்கிவிட்டாள்.

"பிள்ளை, பிள்ளை, அது செல்லாது!" என்று அவர் பதறினார். "இ. சயந்தினி எண்டு வையுங்கோ."

எழுதுவினைஞர் வேறொரு பிரதியைக் கொண்டுவந்தார். சயந்தினி 'இ' என்று எழுதினாள். செத்துப்போன தகப்பனின் முதலெழுத்து அது. கலியாணத்துக்குப் பிறகு அவளுடைய கை அதை எழுதியதே இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தாக வந்தது.

*

"முடிஞ்சுதோ? நல்லது, நல்லது!" என்று நிரோஜன் பற்றிஸ் பெட்டியும் சோடாப் போத்தல்களுமாக உள்ளே வந்தான். அறையில் நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கொம்பனி அந்தத் தீர்ப்பை எடுப்பித்த பிறகு, விவாகரத்து அவனைப் பொறுத்தவரை எல்லோரும் அறிந்த பழைய கதை.

"அக்கா, நீங்கள் பெரிய மனசுள்ள ஆள். பழசை வைச்சுக்கொண்டு மாட்டன் எண்டுவியள் எண்டு எங்கட மனேச்சர் பயந்தவர். ஆனால் வாகீசன் அண்ணை..."

"தம்பி, அதை விடும்" என்றார் குலசிங்கம் அவசரமாக.

"என்ன ஐயா, நல்ல விசயம்தானே? பிரான்சிலை இருக்கிற இந்த ஊர் ஆக்கள் சேர்ந்து இதிலை முதல் போட்டிருக்கினம். அதிலை பெரிய பங்கு அவற்றைதான். இந்தக் கிணத்தையே அவர்தான் சொன்னவர். எந்தக் கோடைக்கும் வத்தாது, நான் குடிச்ச தண்ணி எண்டு. படலை பச்சை நிறம் எண்டுகூடச் சொன்னவர்."

விலாசம் தெரியாது என்று சத்தியம் பண்ணியவன்.

"திறப்பு விழாவுக்கு வாறார் அக்கா. குடும்பத்தோடை. ரெண்டு சின்னப் பிள்ளையளாம்."

கோபிகா எழும்பி வெளியே போனாள்.

*

வானில் ஏற மறுத்துவிட்டாள் சயந்தினி. தாயும் மகளும் பஸ் தரிப்பிடத்தில் பேசாமல் நின்றார்கள். குறிகட்டுவான் பஸ் வந்தது. ஏறினால், முன் இருக்கையில் மருந்துச் சரையோடு யோகம்மா.

"எங்கை, ரெண்டு பேரும் பளபளவெண்டு? கொம்பனி அலுவலோ?"

"ஓம் யோகம்மாக்கா."

"எழுதிக் குடுத்தாச்சோ? வாகீசன் சம்மதமாமோ?"

பஸ்ஸில் பாதிப் பேர் மடத்துவெளிக்காரர். எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள். சயந்தினி வாயைத் திறந்தாள். ஒன்பது வருடமாக நினைத்த நேரமெல்லாம் வந்த அந்த 'ஓம்' வரவில்லை. யோகம்மாவின் புருவம் மெல்ல உயர்ந்தது.

யன்னல் பக்கம் இருந்த கோபிகா திரும்பினாள்.

"ஓம் அன்ரி. அப்பாவுக்குச் சம்மதம். விடியவும் எடுத்தவர்."

சயந்தினி மகளைத் திரும்பிப் பார்த்தாள். தன்னுடைய குரல்தான் அது. அதே இழுவை, அதே அலட்சியம். இத்தனை வருடம் கேட்டுப் படித்த பிள்ளை ஓர் இடத்திலும் பிசகவில்லை.

"நல்லா இருக்கிறாரோ?"

"நல்லா இருக்கிறார். திறப்பு விழாவுக்கு வாறாராம்."

"என்ர ஆத்தை!" யோகம்மா இரண்டு கையாலும் சயந்தினியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு காலம் காத்துக் கிடந்ததுக்குக் கடவுள் கண் திறந்திட்டார். நான் இதை ஊரெல்லாம் சொல்லவேணும்!"

"சொல்லுங்கோ அன்ரி" என்றாள் கோபிகா. "ஒருத்தரையும் விடாமல் சொல்லுங்கோ. எல்லாரும் வந்து பாக்கட்டும்."

பஸ் பாலத்தில் ஏறியது. கோபிகா மறுபடி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சயந்தினி அப்போதுதான் கவனித்தாள். மகளின் கழுத்தில் சங்கிலி இல்லை.